பிடித்தம் போக மீதி

1957 நவம்பர் 16 அன்று ரயில்வே வாரியம் ஓர் உத்தரவு வெளியிட்டது. அது விழுப்புரம் சந்திப்பின் லோகோ ஷெட்டுக்கும் கேபின்களுக்கும் வந்து சேர்ந்தபோது, அங்கே வேலை பார்த்த ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு கேள்வி வந்து நின்றது. ஓய்வு பெறும் நாளில் மொத்தமாக ஒரு தொகை வேண்டுமா, உயிர் இருக்கும் வரை மாதாமாதம் பென்ஷன் வேண்டுமா?

சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி என ஐந்து திசைகளில் தண்டவாளம் பிரியும் ஊர் விழுப்புரம். புதுச்சேரிக் கிளைப்பாதை 1879லேயே திறந்துவிட்டது. ஃபயர்மேன், பாய்ன்ட்ஸ்மேன், கேங்மேன், கிளார்க் என ரயில்வே சம்பளத்தை நம்பி அங்கே தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் வாழ்ந்தன. அவர்களுக்கு அதுவரை இருந்தது சேமநிதி மட்டுமே. பி.எஃப். என்றால்தான் எல்லோருக்கும் புரியும். சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கைப் பிடிப்பார்கள். நிர்வாகம் அதே அளவு தன் பங்கைப் போடும். வட்டியோடு சேர்ந்து வளர்ந்த பணம் ஓய்வு பெறும்போது கைக்கு வரும். அத்தோடு ரயில்வேக்கும் அவருக்கும் கணக்குத் தீர்ந்தது.

மொத்தத் தொகையே போதும் என்று எழுதிக் கொடுத்தவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று இன்று சொல்லிவிட முடியாது. அந்த நாளின் கணக்கு வேறு. ஓய்வு வயது 55. நாட்டின் சராசரி ஆயுள், குழந்தைச் சாவுகளையும் சேர்த்துப் பார்த்தால், நாற்பதைச் சுற்றியே நின்றது. பென்ஷனைத் தேர்ந்தெடுத்துவிட்டு இரண்டே ஆண்டில் கண்ணை மூடினால் வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? கணவருக்குப் பிறகு மனைவிக்கு வாழ்நாள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் என்ற திட்டம் 1964 ஜனவரியில்தான் வந்தது. மகள் கல்யாணம் காத்திருந்தது. கூரை வீட்டை ஓட்டு வீடாக மாற்றும் ஆசை இருந்தது. வட்டிக்கு வாங்கிய கடன் இருந்தது. பென்ஷனாக வரவிருந்த தொகையோ சிறியது, விலைவாசியோடு சேர்ந்து ஏறும் பஞ்சப்படியும் அன்று அதில் ஒட்டியிருக்கவில்லை. கையில் வரும் காசை நம்புவதே நியாயமாகப் பட்டது.

கணக்கைக் கவிழ்த்தது விலைவாசி. 1973-74இல் ஒரே ஆண்டில் விலைகள் 20 சதவீதத்துக்கு மேல் ஏறின. அறுபதுகளில் ஓய்வு பெற்று, பணத்தை வாங்கிச் செலவழித்துவிட்டு, நினைத்ததைவிட நீண்ட நாள் வாழ்ந்தவர்களிடம் எதுவும் மிஞ்சவில்லை. பென்ஷனை எடுத்துக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரருக்கோ பஞ்சப்படி கூடியது, சம்பளக் குழு வரும்போதெல்லாம் தொகை திருத்தப்பட்டது. வேலையில் இருந்தவர்களுக்கு ரயில்வே மறுபடி மறுபடி வாய்ப்புக் கொடுத்தது: இப்போதாவது பென்ஷனுக்கு மாறிக்கொள்ளலாம் என்று. அப்படிப் பன்னிரண்டு வாய்ப்புகள் தரப்பட்டன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு நாள் உண்டு. அதற்கு முன்பே ஓய்வு பெற்றவருக்குக் கதவு மூடியே இருந்தது.

1982 டிசம்பர் 17இல் டி.எஸ். நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓய்வூதியம் பிச்சையல்ல, ஓய்வு பெற்ற தேதியை வைத்து ஓய்வூதியர்களைக் கூறு போட முடியாது என்று தீர்ப்பளித்தது. இன்றும் ஓய்வூதியர் சங்கங்கள் அந்த நாளைக் கொண்டாடுகின்றன. சேமநிதி வாங்கிப் போன ரயில்வேக்காரர்கள் அந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு நீதிமன்றம் போனார்கள். 1990 ஜூலையில் கிருஷேன குமார் வழக்கில் அரசியல் சாசன அமர்வு கையை விரித்தது. ஓய்வூதியமும் சேமநிதியும் இரு வேறு ஏற்பாடுகள், சேமநிதியைக் கொடுத்த அன்றே அரசின் கடமை முடிந்தது என்றது. சட்டத்தின் கண்ணில் அது சரியாக இருக்கலாம். நாற்பது ஆண்டு எஞ்சினோடு வெந்தவருக்கு அது எப்படிச் சரியாகும்? 1997இன் இறுதியில் அப்படிப்பட்ட முதியவர்களுக்கு மாதம் 600 ரூபாய் கருணைத் தொகை என்று முடிவானது. அதை வாங்க உயிரோடு இருந்தவர்கள் வாங்கிக்கொண்டார்கள்.

ஓய்வுக்காலச் சேமிப்பு என்றதும் பேச்சு வட்டி விகிதத்துக்கும் வரிச்சலுகைக்கும் போய்விடுகிறது. விழுப்புரத்தையும் அதன் பக்கத்து ஊரான திண்டிவனத்தையும் வைத்துப் பார்க்கும்போது அதைவிடப் பெரிய இரண்டு கேள்விகள் எழுகின்றன. யாருடைய பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது? விலை ஏறியபோது நட்டத்தைத் தாங்கியது யார்?

முதல் கேள்விக்கு விடை தேட வரிச்சலுகையின் வேருக்கே போக வேண்டும். அது 1860இல் இருக்கிறது. சிப்பாய் எழுச்சியை அடக்கிய செலவில் காலியான கஜானாவை நிரப்ப ஜேம்ஸ் வில்சன் அந்த ஆண்டு இந்தியாவுக்கு வருமான வரியைக் கொண்டுவந்தார். அதை வெளிப்படையாக எதிர்த்தவர் சென்னை மாகாண கவர்னர் சார்லஸ் ட்ரெவெல்யன். தன் எதிர்ப்புக் குறிப்பைப் பத்திரிகைகளுக்கே கொடுத்துவிட்டார். அதற்காக அவரை லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது. வரி நின்றும் தொடர்ந்தும் போய், 1886இல் நிலையான சட்டமானது. நம் கதைக்கு முக்கியமான இரண்டு விஷயங்கள் அந்த ஒரே சட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. ஒன்று, விவசாய வருமானத்துக்கு வரி இல்லை. மற்றொன்று, ஆயுள் காப்பீட்டுப் பிரீமியத்துக்கும், அரசு ஊழியரின் முதுமைக்காகச் சம்பளத்தில் பிடிக்கும் பணத்துக்கும், வருமானத்தில் ஆறில் ஒரு பங்கு வரை விலக்கு.

முதல் விதி உழவரை வரியிலிருந்து காப்பாற்றியது. இரண்டாவது விதி சம்பளக்காரருக்குச் சேமிக்க ஊக்கம் கொடுத்தது. வரியே கட்டாதவருக்கு வரிவிலக்கால் என்ன பயன்? மல்லாட்டை (நிலக்கடலை) விளையும் இந்தத் தென்னாற்காட்டுச் செம்மண் காட்டில் உழுதவர், பின்னால் வந்த அத்தனை வரிச்சலுகைக் கணக்குகளுக்கும் வெளியே நின்றது அன்று முதல்தான்.

சேமிக்க இடமே இல்லாமல் இருந்தது என்று சொல்ல முடியாது. சென்னையில் அரசு சேமிப்பு வங்கி 1834இல் தொடங்கியது. 1882 ஏப்ரல் 1 முதல் அஞ்சலகச் சேமிப்பு வங்கி நாடெங்கும் பரவியது. தாலுகா ஊரான திண்டிவனத்துக் குமாஸ்தாவும் சின்னத் தொகையைப் பத்திரமாகப் போட்டுவைக்க அது வழி செய்தது. கூடுதல் வட்டி தேடியவர்கள் பெரிய பெயர்களை நம்பினார்கள். 1906 அக்டோபர் 22இல் சென்னையின் ஆர்பத்நாட் நிறுவனம் கதவைச் சாத்தியபோது, ஓய்வு பெற்ற அரசு ஊழியர்களும் விதவைகளும் ஆயுள் சேமிப்பை இழந்தார்கள். அந்தக் கோபத்தில் முளைத்ததுதான் அடுத்த ஆண்டு வி. கிருஷ்ணசாமி ஐயரும் மற்றவர்களும் தொடங்கிய இந்தியன் வங்கி. தொண்ணூறு ஆண்டு கழித்து, 1990களில், 24 சதவீதம் 36 சதவீதம் என்று ஆசை காட்டிய நிதி நிறுவனங்களில் ஓய்வுப் பணத்தைக் கொட்டிய தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கும் அதே கதிதான் நேர்ந்தது. அதனால் வந்தது 1997ஆம் ஆண்டின் முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம்.

சேமநிதிக்கு இருந்த பாதுகாப்பு வேறு தரம். 1897இல் ஒரு சட்டமும், அதைத் திருத்தி விரித்து 1925இல் இன்னொரு சட்டமும் வந்தன. கட்டாயமாகப் பிடித்த சேமநிதியைக் கடன்காரர் கோர்ட் டிகிரியோடு வந்தாலும் ஜப்தி செய்ய முடியாது. ரயில்வேத் தொழிலாளர்களின் கடன் சுமையை 1931இல் விட்லி தலைமையிலான தொழிலாளர் கமிஷன் விரிவாகவே எழுதியது. அந்தச் சூழலில் இந்த ஒரு வரி எவ்வளவு பெரிய காவல் என்பது புரியும். ஆனால் அதே 1925 சட்டத்தில் கத்தியும் இருந்தது: ஒழுங்கீனத்துக்காக வேலையை விட்டு நீக்கினால் நிர்வாகம் போட்ட பங்கைத் திரும்பப் பிடித்துக்கொள்ளலாம். ஒரு தொழிலாளியை அடங்கி நடக்கவைக்க அது போதும். 1929இல் சேமநிதிகளுக்கு வருமான வரி நிவாரணம் தரும் தனிச் சட்டமும் சேர்ந்தது. கட்டாயப் பிடித்தம், நிர்வாகப் பங்கு, ஜப்தியில் இருந்து காப்பு, வரிச்சலுகை என நாலு காலும் அன்றே நட்டாகிவிட்டது.

சம்பளம் வாங்கும் எல்லோருக்கும் அது எட்டவில்லை. கிராமத்து ஆசிரியர்களை எடுத்துக்கொள்ளலாம். அரசுப் பள்ளியில் இருந்தவருக்குப் பென்ஷன் உண்டு. உதவிபெறும் பள்ளியிலும் உள்ளாட்சிப் பள்ளியிலும் இருந்தவர், திண்டிவனம் வட்டாரத்தின் பெரும்பாலான கிராமத்து வாத்தியார்களைப் போல, வயதான பின் பிள்ளைகள் கையை எதிர்பார்க்க வேண்டியவர். 1955இல் காமராஜர் ஆட்சி அவர்களுக்கு ஓய்வூதியம், சேமநிதி, காப்பீடு மூன்றையும் சேர்த்துக் கொடுத்தது. அப்போது கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம், கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு. பின்னாளில், 1981 ஜூன் 1 முதல், ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்களே ஆனார்கள். தமிழ்நாட்டில் ஒரு தலைமுறை தன் பிள்ளைகளைப் பொறியியல் கல்லூரிக்கு அனுப்பியதில் வாத்தியார் வீட்டுச் சேமநிதிக் கடனுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. காமராஜரின் மதிய உணவுத் திட்டத்தைப் பேசும் அளவுக்கு 1955ஆம் ஆண்டின் இந்த ஏற்பாட்டை யாரும் பேசுவதில்லை. பேச வேண்டும்.

தனியார் ஆலைகளுக்கு 1952இல் தொழிலாளர் சேமநிதிச் சட்டம் வந்தது. முதலில் ஆறு தொழில்கள்: சிமென்ட், சிகரெட், பொறியியல் பொருள்கள், இரும்பு எஃகு, காகிதம், துணி. தென்னாற்காட்டின் பெரிய தொழில்களான எண்ணெயும் சர்க்கரையும் அந்தப் பட்டியலில் இல்லை, சில ஆண்டு கழித்தே சேர்ந்தன. ஐம்பது பேராவது வேலை செய்ய வேண்டும் என்ற விதி வேறு. 1960இல் அது இருபதாகக் குறைந்தது. அறுவடைக் காலத்தில் மட்டும் ஓடும் சிறிய மல்லாட்டை மில்லில் தோல் உரிக்கவும் பொறுக்கவும் வந்த பெண்களுக்கு ஐம்பதும் இருபதும் ஒன்றுதான். திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தின் ரகங்கள் டி.எம்.வி. என்ற பெயரில் நாடெங்கும் விதைக்கப்பட்டன. அந்த விதையை மண்ணில் ஊன்றியவர்களின் பெயர் எந்தச் சேமநிதிப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

சம்பளப் பட்டியலில் இல்லாதவருக்கும் சேமநிதி என்ற எண்ணத்தில் 1968இல் பிறந்தது பொதுச் சேமநிதி, பி.பி.எஃப். கடைக்காரர், வக்கீல், டாக்டர் யாரும் தொடங்கலாம். பதினைந்து ஆண்டு. வட்டிக்கு வரி இல்லை, முதிர்வுத் தொகைக்கும் இல்லை, கோர்ட் ஜப்தியும் தொடாது. முதல் ஆண்டு வட்டி 4.8 சதவீதம். 1986 முதல் 2000 ஜனவரி வரை 12 சதவீதம் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் போட்ட 1,000 ரூபாய் பதினைந்து ஆண்டில் 5,400 ரூபாயைத் தாண்டும் வேகம் அது. இப்போது 2020 ஏப்ரலில் இருந்து 7.1 சதவீதம். யாரும் தொடங்கலாம் என்றாலும், உண்மையில் தொடங்கியவர்கள் பெரும்பாலும் வரி கட்ட வேண்டியவர்களே. வரி கட்டாத வீடுகளுக்கு அஞ்சலகத் தொடர் வைப்பே பழக்கமானது. 1972 முதல் அந்தப் பணத்தை வீடு வீடாகப் போய் வசூலித்தவர்கள் சிறுசேமிப்பு முகவர்களான பெண்கள். சீட்டுப் பிடிப்பவரோடு போட்டி போட்டு, அட்டையில் கையெழுத்து வாங்கி, மாதம் ஐம்பதும் நூறுமாகச் சேர்த்து அஞ்சலகத்தில் கட்டினார்கள். அதில் வரிச்சலுகை எதுவும் இல்லை. ஆனாலும் பணம் சேர்ந்தது, ஏனென்றால் கேட்க ஒரு ஆள் வாசலுக்கு வந்தார்.

அரசு அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் பிப்ரவரி மாதத்துக்குத் தனி முகம் உண்டு. வருமான வரிப் படிவத்தைக் கொடுத்தால்தான் பிப்ரவரி சம்பள பில் போகும். வரி அதிகம் வந்தால் அந்த மாதச் சம்பளம் கைக்கு வராமலே போய்விடும். அதனால் ஜனவரியிலேயே ஆசிரியர் அறையில் ‘எண்பது சி’ பேச்சு தொடங்கும். சேமநிதி எவ்வளவு, எல்.ஐ.சி. எவ்வளவு, பிள்ளையின் டியூஷன் ஃபீஸ் எவ்வளவு, வரம்புக்கு இன்னும் எவ்வளவு குறைகிறது என்று. 1990களில் வருமான வரிச் சட்டத்தின் 88ஆவது பிரிவாக இருந்த சேமிப்புச் சலுகை, 2005இல் ஒரு லட்ச ரூபாய் வரம்போடு 80சி ஆயிற்று. 2014இல் ஒன்றரை லட்சம். அதற்குப் பிறகு வரம்பு நகரவில்லை. அவசரத்தில் எடுத்த எத்தனையோ பாலிசிகள் வீண் போயிருக்கலாம். என்றாலும் ஆண்டுக்கு ஒருமுறை தன் முதுமையைப் பற்றி ஒரு குடும்பத்தைக் கணக்குப் போட வைத்தது அந்தப் படிவம்.

அந்தப் பழக்கம் இப்போது கரைகிறது. 2020இல் விருப்பமாக அறிமுகமாகி, 2023-24இல் இயல்பான முறையாக மாறிய புதிய வரி முறையில் 80சி இல்லை. வரி குறைவு, சலுகையும் கிடையாது. கட்டாயப் பிடித்தம் உள்ள ஆசிரியருக்கும் ரயில்வேக்காரருக்கும் இதனால் பெரிய ஆபத்தில்லை. பிடித்தமே இல்லாத இளைஞருக்கு இனி எது நினைவூட்டும் என்பதுதான் கவலை.

கட்டாயப் பிடித்தம் இருந்தும் பணம் கைக்கு வராத கதையும் விழுப்புரத்தில் இருக்கிறது. 1975இல் விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் தொடங்கியது. 1997இல் தலைவர்கள் பெயர்கள் எடுக்கப்பட்டபோது அது தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் (விழுப்புரம்) ஆனது. 1998 செப்டம்பரில் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்குத் தனி ஓய்வூதிய நிதி அறக்கட்டளை அமைந்தது. கட்டணம் உயராத ஆண்டுகளில் கழகங்கள் நட்டத்தில் மூழ்கின. தங்களிடம் பிடித்த சேமநிதியும் மற்ற பிடித்தங்களும் டீசலுக்கும் அன்றாடச் செலவுக்கும் போய்விட்டன என்று தொழிற்சங்கங்கள் குற்றம் சாட்டின. ஓய்வு பெற்ற டிரைவரும் கண்டக்டரும் பணிக்கொடைக்காகவும் சேமநிதிக்காகவும் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். 2018 ஜனவரி 4 மாலை தொடங்கி ஒரு வாரம் தமிழகத்தில் பேருந்துகள் நின்ற போராட்டத்தில் சம்பள உயர்வோடு சேர்ந்து எழுந்த கோரிக்கை இந்த நிலுவைதான். ஓய்வு பெற்றவர்களுக்குப் பொங்கலுக்குள் 750 கோடி ரூபாய் தருவதாக அரசு அறிவித்தது. முப்பது ஆண்டு ஸ்டியரிங் பிடித்தவர் தன் சொந்தப் பணத்துக்காக நீதிமன்றப் படி ஏற வேண்டி வந்தது நம் நிர்வாகத்தின் மீது படிந்த கறை.

அரசு ஊழியர்களுக்கு 2003 ஒரு கோடு கிழித்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் பழைய ஓய்வூதியம் கிடையாது. பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம், சி.பி.எஸ். மட்டுமே. ஊழியர் பத்து சதவீதம், அரசு அதே அளவு. சலுகைகள் பறிபோவதை எதிர்த்து ஜூலையில் நடந்த வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 1,70,000 பேர் அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தில் (எஸ்மா) வேலை இழந்தார்கள். ஆகஸ்டில் டி.கே. ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் வேலைநிறுத்தம் அடிப்படை உரிமையல்ல என்றது. பெரும்பாலோர் திரும்ப வேலையில் சேர்க்கப்பட்டார்கள், திட்டம் மட்டும் அப்படியே தொடர்ந்தது. தமிழ்நாடு அந்தப் பணத்தை மத்திய ஓய்வூதிய ஆணையத்திடம் ஒப்படைக்கவும் இல்லை. தன் கணக்கிலேயே வைத்து வட்டி போட்டது. அதனால் சி.பி.எஸ். ஊழியர் ஓய்வு பெற்றபோது சேர்ந்த தொகை மொத்தமாக வந்தது, மாத ஓய்வூதியம் எதுவும் வரவில்லை. பெயர் மட்டும் ஓய்வூதியம், கிடைத்தது சேமநிதி. விழுப்புரம் லோகோ ஷெட்டில் ஒருமுறை பட்டறிந்த பாடத்தை அரசு முழுசாக மறந்துவிட்டு, அதே ஏற்பாட்டைத் தேர்வு செய்யும் வாய்ப்பே இல்லாமல் ஒரு தலைமுறை மீது சுமத்தியது. ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ 2019 ஜனவரியில் மறுபடி வேலைநிறுத்தம் செய்தது. ஓய்வூதியத் திட்டங்களை ஆராய 2025 பிப்ரவரியில் ஐ.ஏ.எஸ். அதிகாரி ககன்தீப் சிங் பேடி தலைமையில் குழு அமைந்தது. 2026 ஜனவரியில், கடைசிச் சம்பளத்தில் பாதியை ஓய்வூதியமாக உறுதி செய்யும் திட்டத்தை அரசு அறிவித்தது. ஊழியரின் பத்து சதவீதப் பிடித்தம் அதிலும் தொடர்கிறது.

பட்டியலுக்கு வெளியே நின்றவர்களுக்கு அரசு கொடுத்தது முதியோர் உதவித்தொகை. தமிழ்நாட்டில் அது 1962இல் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் மாதம் 1,200 ரூபாயானது. சேமிக்க முடிந்த வயதில் இருப்பவருக்கு 2015இல் அடல் ஓய்வூதியத் திட்டம் வந்தது. பதினெட்டு வயதில் சேரும் ஒருவர் மாதம் 210 ரூபாய் கட்டினால் அறுபதில் மாதம் 5,000 ரூபாய். 2022 அக்டோபர் முதல் வருமான வரி கட்டுபவர் இதில் சேர முடியாது. வரி கட்டாதவர்களுக்கென்றே ஒதுக்கிய ஓய்வுக்காலக் கணக்கு என்று இதைச் சொல்லலாம், அந்த வகையில் வரவேற்க வேண்டியது. ஆனால் திண்டிவனம் சந்தையில் மூட்டை தூக்கும் பதினெட்டு வயதுப் பையன் இன்று சேர்ந்தால் நாற்பத்திரண்டு ஆண்டு கட்ட வேண்டும். அவனுக்கு உறுதி செய்யப்படும் 5,000 ரூபாய் 2015இல் எழுதிய அதே 5,000. அரசு ஊழியரின் ஓய்வூதியத்துக்கு ஆண்டுக்கு இருமுறை அகவிலைப்படி ஏறுகிறது. இவனுடைய தொகையை விலைவாசியோடு சேர்த்து உயர்த்த அந்தத் திட்டத்தில் ஒரு விதியும் இல்லை. அதை எழுதிச் சேர்க்க மனம்தான் வேண்டும்.